குடமும் கரிநெருப்பும்: சிறுவயது நினைவுகளைக் கொண்டு விசுவாசத்தைத் தியானிப்பது எப்படி

சிறுவயது நினைவுகளின் வழியாகத் தங்கள் விசுவாசத்தைத் தியானிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஆலயத்திலிருந்தே தொடங்குகிறார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பனாக நின்றது, மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியது, பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றம் காண அப்பாவின் தோளில் ஏறியது என்று அவை வரிசையாக வரும். இவை இனிமையானவையே, ஆயினும் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிவிட்டதால், அவற்றில் புதிதாகக் கண்டுகொள்ள அதிகம் மிஞ்சுவதில்லை. வீட்டிலோ தெருவிலோ நடந்த, யாரும் சாட்சியாக எழுந்து சொல்லாத ஒரு சிறு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் அனுபவம்.

அதைத் தேடும்போது "கடவுள் எனக்கு எப்போது உதவினார்?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி விடையையும் தானே கொண்டுவந்துவிடும். ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். எனக்கு அது ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். 2003 ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, எங்கள் தெருவுக்கு லாரி எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் இரவு, பாட்டி குடும்ப ஜெபத்தில் உறவினர் ஒவ்வொருவருடைய பெயராகச் சொல்லிக்கொண்டிருக்கையில் லாரியின் ஹாரன் கேட்டது. அவர் ஆமென் கூடச் சொல்லாமல் எழுந்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அரை மணி நேரம் கழித்து, ஈரச் சேலையுடன் அதே பாயில் அமர்ந்து, விட்ட பெயரிலிருந்தே ஜெபத்தைத் தொடர்ந்தார்.

இவ்வளவையும் முதலில் விளக்கம் எதுவும் சேர்க்காமல் எழுதிவிட வேண்டும். குடத்தின் நிறம், பாயின் கிழிசல், ஜெபம் நின்றதில் எனக்குள் எழுந்த மகிழ்ச்சி ஆகிய அனைத்தும் தாளில் வரட்டும். "பாட்டியின் விசுவாசம் எத்தனை உறுதியானது" என்ற வாக்கியம் மட்டும் வர வேண்டாம். எழுதிய நோட்டை ஒரு வாரம் மூடி வையுங்கள்.

அதன்பின் வேதாகமத்தைத் திறக்கலாம். கருத்துக்கு ஏற்ற வசனத்தைத் தேடாமல், அந்தப் பொருள் இடம்பெறும் பகுதியைத் தேடுவதே இம்முறையின் உயிர்நாடி. குடத்தைத் தேடிப்போன நான் யோவான் 4 ஆம் அதிகாரத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே சமாரியப் பெண் தன் குடத்தைக் கிணற்றருகே வைத்துவிட்டு ஊருக்குள் போகிறாள். அவள் இயேசுவின் பொருட்டுக் குடத்தை விட்டாள்; என் பாட்டியோ குடத்தின் பொருட்டு ஜெபத்தை விட்டார். இந்த முரணை நான் இன்னும் தீர்க்கவில்லை, தீர்க்க அவசரப்படவும் இல்லை. மேய்ப்பர்கள் சொன்னவற்றை மரியாள் தன் இருதயத்திலே வைத்துச் சிந்தித்தாள் என்று லூக்கா 2:19 கூறுகிறது. அங்குள்ள கிரேக்கச் சொல்லுக்குப் பலவற்றை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்தல் என்ற பொருளும் உண்டு. நினைவையும் வசனத்தையும் அவ்வாறு அருகருகே வைத்துச் சிறிது நேரம் மௌனமாக இருந்தாலே போதும்.

வெட்கம் தரும் நினைவுகளையும் ஒதுக்க வேண்டாம். காணிக்கைக்கு அம்மா கொடுத்த இரண்டு ரூபாய்க்குத் தேன்மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு, தெருமுனை இஸ்திரி வண்டியருகே நின்று, பையில் போட்டுவிட்டதாக நான் சொன்ன பொய், இன்றைக்கும் பெட்டியிலிருந்து எழும் கரிவாசனையோடுதான் திரும்புகிறது. புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பு என்ற சொல் இரண்டே இடங்களில் வருகிறது: இயேசுவை அறியேன் என்று சீடன் பேதுரு மறுதலித்த முற்றத்தில் (யோவான் 18:18), உயிர்த்தெழுந்த இயேசு கரையில் மீனும் அப்பமும் வைத்திருந்த இடத்தில் (யோவான் 21:9). அந்த வாசனை பேதுருவுக்கு முற்றத்தை நினைவூட்டியிருக்கும் என்றே எண்ணுகிறேன். இயேசுவோ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், நேசிக்கிறாயா என்று மட்டும் மும்முறை கேட்கிறார். ஆனால், உங்களை உண்மையாகவே காயப்படுத்திய நினைவாக இருந்தால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக, எழுதியதை உடன்பிறந்தவர்களிடம் படித்துக் காட்டுங்கள். என் அக்கா குடம் நீலம் என்கிறார். அன்றிரவு பாட்டி நனைந்த சேலையோடு தூங்கிவிட, ஜெபத்தைத் தொடர்ந்தது அம்மாதான் என்றும் உறுதியாகச் சொல்கிறார். என் பக்கத்தை நான் அடிக்கவில்லை. அவர் சொன்னதை எதிர்ப்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.