கையில் இருப்பது எந்த மாதிரி சாக்கெட்? அதனிடமே கேட்டுவிடுங்கள்

நெட்வொர்க் புரோகிராம் எழுதும்போது நம்மில் பலரும் ஒரு அனுமானத்தை எங்கேயும் சொல்லாமலே நிரல் முழுக்கப் பரப்பிவிடுகிறோம்: இந்த சாக்கெட் (நெட்வொர்க்கில் தரவை அனுப்பவும் வாங்கவும் நிரல் திறக்கும் முனை) டிசிபிதான், அதாவது இணைப்பு வைத்து வரிசை மாறாமல் தரவைக் கொண்டுசேர்க்கும் புரோட்டோகால்தான். நாமே திறந்த சாக்கெட் என்றால் பரவாயில்லை. வேறொரு புராசஸ் திறந்து நம் கையில் கொடுத்தது, ஒரு லைப்ரரி வழியாக வந்தது, கான்ஃபிக் ஃபைலில் யாரோ ஒரு வரியை மாற்றியதால் வகை மாறிப்போனது, இவற்றில்தான் கால் இடறும்.

எனக்கு இடறியது இப்படி. தகவல்களை வாங்கி வட்டில் எழுதும் ஒரு சின்ன டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்), வரும் தரவை வாங்கி வைக்க 512 பைட் பஃபர், மிச்சம் இருந்தால் அடுத்த ரீடில் வந்துவிடும் என்ற நம்பிக்கை. தரவு இடைவெளியில்லாத ஓட்டமாக வரும் ஸ்ட்ரீம் சாக்கெட்டில் அது சரிதான். ஒரு நாள் அதே இடத்தில் தனித்தனிச் செய்திகளாக வரும் டேட்டாகிராம் சாக்கெட் வந்து சேர்ந்தது, 512 பைட்டுக்கு மேல் வந்த ஒவ்வொரு செய்தியின் வாலும் காணாமல் போனது. எரர் இல்லை, லாக் இல்லை, ஏனென்றால் லினக்ஸில் பஃபருக்குள் அடங்காத டேட்டாகிராமின் மீதியைக் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்படியே தூக்கிப் போட்டுவிடும், ரீட் வெற்றி என்றே திரும்பும். விண்டோஸில் இதே தவறுக்கு 10040 என்ற எரராவது கிடைக்கும். ஆரம்பத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தத் தரவு போயிருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேட்க வேண்டியது புரோட்டோகாலின் பெயரை அல்ல, குணத்தை. இணைப்பு தேவையா, செய்தியின் எல்லை காக்கப்படுமா, போய்ச் சேரும் என்ற உறுதி உண்டா, வரிசை மாறாதா, ஒரே தடவையில் எவ்வளவு அனுப்பலாம். நிரலின் போக்கைத் தீர்மானிப்பவை இவைதான். (ஃபங்ஷன் பெயர்களையும் ஆப்ஷன் பெயர்களையும் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். எஸ்ஓ டைப் என்று இங்கே பார்த்தால் மேனுவலில் இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு அடிக்கோடு இருக்கும்.)

முதலில் லினக்ஸ். சாக்கெட்டின் ஆப்ஷன்களைப் படித்துச் சொல்லும் கெட்சாக்ஆப்ட் ஃபங்ஷனை எஸ்ஓஎல் சாக்கெட் மட்டத்தில் மூன்று முறை கூப்பிடுங்கள்: எஸ்ஓ டொமைன், எஸ்ஓ டைப், எஸ்ஓ புரோட்டோகால். முகவரிக் குடும்பம், சாக்கெட் வகை, புரோட்டோகால் எண் மூன்றும் வந்துவிடும். டொமைனும் புரோட்டோகாலும் 2.6.32 கர்னலிலிருந்து இருக்கின்றன, டைப் அதற்கும் வெகு முன்பிருந்தே உண்டு, மற்ற இயங்குதளங்களிலும் கிடைக்கும். கொடுத்தது சாக்கெட்டே இல்லை, சாதாரண ஃபைல் என்றால் இ-நாட்சாக் என்ற எரர் வரும், அதுவும் ஒரு பதில்தான். கடைசி ஆர்குமென்ட்டான நீளம் இரண்டு பக்கமும் வேலை செய்வது: கூப்பிடும் முன் பஃபரின் அளவை அதில் வைக்க வேண்டும், திரும்பும்போது கர்னல் உண்மையில் எழுதிய அளவு அதில் இருக்கும். இதற்கு ஆரம்ப மதிப்பு வைக்க மறந்தால் சில சமயம் வேலை செய்து சில சமயம் செய்யாமல் உயிரை வாங்கும்.

வந்த பதிலில் முதலில் பார்க்க வேண்டியது டைப். சாக் ஸ்ட்ரீம் என்றால் பைட்டுகளின் ஓட்டம், எல்லை கிடையாது, நூறு பைட் இரண்டு முறை அனுப்பினால் அந்தப் பக்கம் இருநூறாகவோ எழுபதும் நூற்று முப்பதுமாகவோ வரலாம். சாக் டிகிராம் என்றால் எல்லை உண்டு, உறுதி புரோட்டோகாலைப் பொறுத்தது. சாக் சீக்பாக்கெட் என்று ஒன்று இருக்கிறது, பலரும் கண்டுகொள்வதில்லை, எல்லையும் காக்கும், வரிசையும் காக்கும், இணைப்பும் உண்டு. ஒரே கணினிக்குள் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டில் இரண்டு புராசஸ்கள் பேச இதைவிட நிம்மதியான வகை எனக்குத் தெரியவில்லை. இந்த மதிப்புகளை எண்ணாக ஒப்பிடாதீர்கள். பெரும்பாலான லினக்ஸில் ஸ்ட்ரீம் 1, டேட்டாகிராம் 2, ஆனால் மிப்ஸ் பிராசசரில் இரண்டும் இடம் மாறியிருக்கும். ஹெடரில் உள்ள பெயரோடு ஒப்பிட்டால் கவலையே இல்லை.

புரோட்டோகால் எண்ணில் டிசிபி 6, யுடிபி (இணைப்பில்லாமல், சேரும் என்ற உறுதியில்லாமல் செய்தி அனுப்புவது) 17, எஸ்சிடிபி (இணைப்பும் உண்டு, செய்தி எல்லையும் உண்டு) 132. இதை ஒற்றை பைட்டில் சேமித்து வைக்கும் நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஐபி ஹெடரில் அந்த இடம் எட்டு பிட்தானே என்ற நினைப்பு. லினக்ஸ் 5.6இல் வந்த, ஒரே இணைப்பைப் பல பாதைகளில் கொண்டுபோகும் மல்டிபாத் டிசிபியின் எண் 262. ஒற்றை பைட்டில் போட்டால் 256 கழிந்து 6 ஆகிவிடும், அதாவது உங்கள் நிரலுக்கு அது சாதாரண டிசிபியாகவே தெரியும். முழு இன்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் நிலைமை வேறு, இந்த ஒரு விஷயத்தில் அங்கே வசதி அதிகம் என்று மனதாரச் சொல்வேன், ஏனென்றால் குணங்களையே கொடிகளாக (ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பிட்) பிரித்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸின் சாக்கெட் லைப்ரரியான வின்சாக்கைத் தொடங்கும் டபிள்யூஎஸ்ஏ-ஸ்டார்ட்அப்பை 2.2 பதிப்புக்குக் கூப்பிட்ட பிறகு (கூப்பிடாவிட்டால் 10093 வரும்) டபிள்யூஎஸ்ஏ-இனம்-புரோட்டோகால்ஸ் ஃபங்ஷனுக்குப் போங்கள். இனம் என்பது இனுமரேட்டின் சுருக்கம், கணினியில் பதிவான புரோட்டோகால்கள் எல்லாவற்றையும் அது பட்டியலிடும். இதை இரண்டு முறை கூப்பிட வேண்டும். முதல் முறை பஃபருக்கு நல் (எதையும் சுட்டாத வெற்று முகவரி), நீளத்துக்குப் பூஜ்யம். அது தோல்வியடையும், எரர் 10055, ஆனால் எவ்வளவு இடம் வேண்டும் என்பது நீள மாறியில் வந்திருக்கும். அந்த அளவு நினைவகம் ஒதுக்கி மறுபடி கூப்பிட்டால் எத்தனை பதிவுகள் என்ற எண்ணிக்கையும், ஒவ்வொன்றுக்கும் டபிள்யூஎஸ்ஏ-புரோட்டோகால்-இன்ஃபோ என்ற ஸ்ட்ரக்சரும் கிடைக்கும். இரண்டு அழைப்புக்கும் நடுவில் பட்டியல் வளர்ந்துவிடலாம், அதனால் லூப்பில் வைத்து 10055 வந்துகொண்டிருக்கும் மட்டும் திரும்பத் திரும்ப ஒதுக்குவதுதான் பாதுகாப்பு.

அந்த ஸ்ட்ரக்சரில் சர்வீஸ் ஃபிளாக்ஸ்1 என்ற ஃபீல்டுதான் பொக்கிஷம். கனெக்‌ஷன்லெஸ் 1, கியாரண்டீட் டெலிவரி 2, கியாரண்டீட் ஆர்டர் 4, மெசேஜ் ஓரியன்டட் 8, அப்புறம் பதினாறடிமானத்தில் கிரேஸ்ஃபுல் குளோஸ் 20, எக்ஸ்பிடைட்டட் டேட்டா 40, பிராட்காஸ்ட் 200, மல்டிபாயின்ட் 400, சாக்கெட்டை ஃபைல் ஹேண்டில் போல நேரடியாகப் பயன்படுத்தலாம் என்பதற்கு 20000. நிரல் எழுதாமலே பார்க்க வேண்டுமா, கமாண்ட் பிராம்ப்டில் நெட்எஸ்ஹெச் வின்சாக் ஷோ கேட்டலாக் என்று அடித்தால் இதே பட்டியல் வரும். பதினாறடிமானத்திலேயே டிசிபிக்கு 20066 என்றும் யுடிபிக்கு 20609 என்றும் இருக்கும். இரண்டுக்கும் பொதுவான 20000 போக மீதியைப் பிரித்துப் பாருங்கள்: 66 என்பது 40, 20, 4, 2 சேர்ந்தது, உறுதி, வரிசை, ஒழுங்காக மூடுதல், அவசரத் தரவு. 609 என்பது 400, 200, 8, 1, அதாவது மல்டிபாயின்ட், பிராட்காஸ்ட், செய்தி எல்லை, இணைப்பின்மை. இரண்டு எண்களில் இரண்டு புரோட்டோகாலின் குணமும் அடங்கிவிட்டது.

அதே ஸ்ட்ரக்சரில் மெசேஜ் சைஸ் ஃபீல்டு உண்டு, இதைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். 0 என்றால் எதுவும் அனுப்ப முடியாது என்று அர்த்தமில்லை, ஸ்ட்ரீம் என்பதால் செய்தி அளவு என்ற பேச்சே இல்லை என்று அர்த்தம். 1 என்றால் ஒரு பைட் இல்லை; அளவு இப்போது தெரியாது, சாக்கெட்டை பைண்ட் செய்த (ஒரு முகவரியோடு பிணைத்த) பிறகு எஸ்ஓ மேக்ஸ் எம்எஸ்ஜி சைஸ் ஆப்ஷனில் கேட்டுக்கொள் என்பதுதான் அதன் பொருள். எல்லா பிட்டும் 1 என்றால் உச்சவரம்பு இல்லை. புரோட்டோகால் செயின் நீளத்தையும் பாருங்கள், 1 என்றால் அடிப்படை புரோட்டோகால், 0 என்றால் மேலே செருகப்படும் அடுக்கு, அதை வைத்து சாக்கெட் திறக்கப் போகாதீர்கள். ஏற்கனவே திறந்த சாக்கெட் கையில் இருந்தால் பட்டியலே வேண்டாம், கெட்சாக்ஆப்டில் எஸ்ஓ புரோட்டோகால் இன்ஃபோ கேட்டால் அதற்குரிய ஸ்ட்ரக்சர் நேராக வந்துவிடும்.

கியாரண்டீட் டெலிவரி என்ற கொடியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். அந்தப் பக்கத்துக் கர்னல் வரைக்கும்தான் அந்த உறுதி. செண்ட் வெற்றி என்று திரும்பியதற்கு உங்கள் கர்னலின் பஃபரில் தரவு ஏறிவிட்டது என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது, எதிர்ப்பக்கப் புரோகிராம் அதைப் படித்ததா என்பது உங்கள் செயலியே பதில் செய்தி வாங்கித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அளவு பற்றிய கேள்விகளில் எப்போது கேட்கிறோம் என்பது மிக முக்கியம். ஐபிவி4இல் யுடிபி செய்தியின் உச்சம் 65507 பைட், 65535இலிருந்து ஐபி ஹெடரின் 20, யுடிபி ஹெடரின் 8 போக மீதி. ஆனால் அது தாளில் உள்ள உச்சம், 1500 பைட் எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய உச்ச அளவு) உள்ள பாதையில் அது துண்டு துண்டாகப் போகும், ஒரு துண்டு தொலைந்தாலும் முழுச் செய்தியும் போச்சு. பாதையின் அளவைத் தெரிந்துகொள்ள லினக்ஸில் ஐபி எம்டியு ஆப்ஷன் உண்டு, கனெக்ட் செய்யாத சாக்கெட்டில் கேட்டால் இணைப்பு இல்லை என்ற இ-நாட்கான் எரர் வரும், ஆகவே யுடிபியாக இருந்தாலும் முதலில் கனெக்ட் செய்துவிட்டுக் கேளுங்கள். டிசிபி ஒரு துண்டில் அனுப்பும் உச்ச அளவைச் சொல்லும் டிசிபி மேக்ஸ்செக் இன்னும் மோசம், எரர் தராது: இணைப்புக்கு முன் கேட்டால் 536 என்று ஒரு இயல்பு மதிப்பைச் சொல்லும், இணைந்த பிறகு சாதாரண ஈதர்நெட்டில், டிசிபி ஹெடரில் டைம்ஸ்டாம்ப் ஆப்ஷன் இருந்தால் 1448 என்று சொல்லும். அனுப்பும் பஃபரின் அளவான எஸ்ஓ செண்ட்பஃப்பில் 65536 வைத்துவிட்டுத் திரும்பக் கேட்டால் 131072 வந்தால் பதறாதீர்கள், லினக்ஸ் தன் கணக்கு வழக்குக்காக இரட்டிப்பாக்குகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பின் நிலை வேண்டுமென்றால் டிசிபி இன்ஃபோ: சுற்றுநேரம் மைக்ரோசெகண்டில், மறுஅனுப்பல்கள், நெரிசல் சாளரம் எல்லாம் ஒரே ஸ்ட்ரக்சரில். இந்த ஸ்ட்ரக்சர் கர்னலுக்குக் கர்னல் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது, திரும்பி வந்த நீளத்தைப் பார்த்து அதற்குள் அடங்கும் ஃபீல்டுகளை மட்டும் படியுங்கள். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து எஸ்ஐஓ டிசிபி இன்ஃபோ என்று அங்கேயும் உண்டு, மேக்கில் டிசிபி கனெக்‌ஷன் இன்ஃபோ.

கெட்புரோட்டோபைநேம் இதற்கெல்லாம் உதவாது. அது பெயரை எண்ணாக மாற்றும், அவ்வளவுதான். ஈடிசி புரோட்டோகால்ஸ் ஃபைலில் எஸ்சிடிபி என்ற வரி இருப்பதால் உங்கள் கர்னலில் எஸ்சிடிபி இருக்கிறது என்று ஆகாது. லினக்ஸில் அதற்கு நேர்மையான சோதனை, சாக்கெட்டைத் திறந்து பார்ப்பதுதான். இ-புரோட்டோ-நோசப்போர்ட் வந்தால் புரோட்டோகால் இல்லை, இ-ஏஎஃப்-நோசப்போர்ட் வந்தால் முகவரிக் குடும்பமே இல்லை, வேறு வழிக்குப் போகலாம். இ-எம்ஃபைல் வந்தால் மட்டும் அவசரப்பட்டு "ஆதரவு இல்லை" என்று குறித்துவைத்துவிடாதீர்கள், உங்கள் புராசஸ் திறக்கக்கூடிய ஃபைல்களின் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்து பாருங்கள்.