ஃபிராங்க்ளினியா மரத்தைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அல்டமாஹா ஆற்றங்கரையில் 1765ஆம் ஆண்டு ஜான் பார்ட்ரமும் அவருடைய மகன் வில்லியமும் கண்டறிந்த ஃபிராங்க்ளினியா, கமேலியாவுக்கும் தேயிலைக்கும் உறவான மரம். கோடை முடியும் வேளையில் வெள்ளை இதழ்களின் நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் திரண்டிருக்கப் பூக்கும் இம்மரத்தை 1803ஆம் ஆண்டுக்குப் பிறகு எவரும் காட்டில் கண்டதாக உறுதியான பதிவு இல்லை. வில்லியம் திரட்டி வந்த விதைகள் பிலடெல்பியாவில் அவர்களுடைய தோட்டத்தில் முளைத்ததனால்தான் அது இன்றும் உயிரோடிருக்கிறது.

தோட்டங்களில் வளர்வதால் இந்த இனம் பிழைத்துவிட்டது என்று எண்ணுவதையே முதல் தவறாகக் கருதுகிறேன். இன்றுள்ள மரங்கள் அனைத்தும் அந்தச் சில விதைகளின் வழித்தோன்றல்கள் என்பதால், அவற்றினிடையே மரபு வேறுபாடு மிகக் குறைவு. அழகாகப் பூக்கும் ஒரே மரத்தின் கிளைகளை வெட்டி நட்டுக்கொண்டே போனால் எண்ணிக்கை கூடுமே தவிர, அந்த வேறுபாடு கூடாது. வெவ்வேறு தோட்டத்து மரங்களின் விதைகளிலிருந்து நாற்றுகளை வளர்த்து, தாய்மரம் எது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

நட்ட கன்றுகளை அதிகம் கொல்வது வேரழுகல். ஆற்றங்கரை மரம்தானே என்று நீர் தேங்கும் களிமண்ணில் நடுகிறார்கள். ஃபைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரி வேரைத் தாக்கி இலை வாடும்போது, தாகம் என்று நினைத்து மேலும் நீரூற்றி, எஞ்சிய வேரையும் அழித்துவிடுகிறார்கள். நீர் நன்கு வடியும், அமிலத்தன்மையுள்ள மண்ணே இதற்கு ஏற்றது. பருத்திச் சாகுபடியோடு வந்த நோயே காட்டு மரங்களை அழித்தது என்பது ஓர் ஊகம் மட்டுமே; அதை முடிந்த முடிவாக எழுதுவதும் பிழை. ஆர்வத்தினால் நாற்றங்கால் கன்றுகளைச் சோதிக்காமல் அல்டமாஹா கரையில் கொண்டுபோய் நடுவது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் தொட்டி மண்ணோடு நோயும் அங்குள்ள மற்ற தாவரங்களுக்குப் போய்ச் சேரும்.

வேர் அடர்த்தியற்றது என்பதால் வளர்ந்த மரத்தைப் பெயர்த்து நடக் கூடாது. சிறு கன்றாக இருக்கும்போதே நிலையான இடத்தில் வைத்துவிட வேண்டும்.

காய் முற்ற ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதை அறியாமல், பச்சையாகவே பறிப்பவர்கள் உண்டு. சென்ற ஆண்டுப் பூவின் காய் இந்த ஆண்டுப் பூக்களோடு அதே மரத்தில் இருக்கும். அது தானே வெடிக்கத் தொடங்கும்போது எடுத்து, விதை உலர்ந்துபோகுமுன் உடனே விதைக்க வேண்டும்.