சிவப்பு குறைந்தால் கொழுப்பு குறைந்ததா?

போன வாரம் எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஸ்டெம் செல் வளர்த்த பிளேட்டை நீட்டி, "அக்கா, ஸ்ட்ரெஸ் கொடுத்ததும் கொழுப்பே சேரலை பாருங்க" என்றாள். எட்டு வருடம் முன்பு இதே தஞ்சாவூரில் நானும் அப்படிப் பூரித்து நின்றவள்தான். இந்தச் சோதனையில் புதியவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். லேபிள் ஒட்ட மறப்பது போன்றவற்றைப் பட்டுத் தெரிந்துகொள்வார்கள், அவற்றை விடுகிறேன்.

செத்த செல்லைக் கணக்கில் விடுவது

எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மெசன்கைமல் ஸ்டெம் செல் எலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடியது. அதற்கு டெக்ஸாமெத்தசோன், ஐபிஎம்எக்ஸ், இன்சுலின், இண்டோமெதசின் கலந்த கலவையைக் கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் உள்ளே கொழுப்புத் துளிகள் தெரியும். ஆயில் ரெட் ஓ சாயம் அவற்றைச் சிவப்பாக்கும். கூடவே துனிகாமைசின் என்ற மருந்தை விட்டால் புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி ஏறாது. சரியாக மடியாத புரதம், செல்லுக்குள் புரதம் மடியும் இடமான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் குவியும். நாம் கொடுக்கும் ஸ்ட்ரெஸ் அதுதான். அளவு கூடினால் செல் செத்து, மீடியம் மாற்றும்போது கழுவிக்கொண்டு போய்விடும். மிச்சத்துக்குச் சாயம் ஏற்றி 'கொழுப்பாக மாறுவது தடைப்பட்டது' என்று எழுதுவதா? ஐப்பசி மழையில் நட்ட சம்பா பாதி அழுகிய வயலில், மூட்டையை மட்டும் எண்ணிக் கதிரே பிடிக்கவில்லை என்பதுபோல இருக்கிறது. குத்துக்கு எத்தனை கதிர் என்று பார்க்க வேண்டாமா?

என் மூன்று மாத வேலை இப்படித்தான் போனது. கைடு ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை செல் உசுரோட இருந்துச்சும்மா?" பதில் இல்லை. சிவப்பின் அளவை, எத்தனை செல் இருக்கிறது என்று காட்டும் டிஎன்ஏ அளவால் வகுத்ததும் நான் கொண்டாடிய வித்தியாசம் கரைந்துவிட்டது. இன்றும் நினைத்தால் எரிச்சல்தான். செல் சாகாத அளவு எது என்று முதலில் பாருங்கள். சாயத்தை மட்டும் நம்பாமல் செல்லைக் கொழுப்பாக மாற்றும் பிபிஏஆர் காமா, சி/இபிபி ஆல்ஃபா மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதையும் அளவிடுங்கள்.

ஸ்ட்ரெஸ் என்றாலே தடை என்பது

ஸ்ட்ரெஸ் தடுக்கவும் செய்யும், உதவவும் செய்யும். ஸ்ட்ரெஸை உணரும் ஐஆர்இ1 நொதி ஆர்என்ஏவை வெட்டுவதால் உருவாகும் எக்ஸ்பிபி1 புரதம் இல்லாமல் செல் சரியாகக் கொழுப்புச் செல்லாவதில்லை. சாப் (CHOP) என்ற புரதமோ சி/இபிபி குடும்பப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு முட்டுக்கட்டை போடும். இரண்டும் ஒரே ஸ்ட்ரெஸில் பிறப்பவை. மைட்டோகாண்ட்ரியாவில் ஓரளவு உண்டாகும் ஆக்சிஜன் வினைப்பொருள்களும் இந்த மாற்றத்துக்குத் தேவைதான்.

வெறும் மீடியத்தைக் கண்ட்ரோல் என்பது

துனிகாமைசினைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓவை, ஒப்பிட வைக்கும் கண்ட்ரோல் பிளேட்டிலும் அதே அளவு விடுங்கள்.

ஸ்ட்ரெஸ் கொடுத்த நாளைக் குறிக்காதது

கொழுப்பாக மாறத் தொடங்கும் முதல் நாளில் கொடுப்பதும் பத்தாம் நாளில் கொடுப்பதும் ஒன்றல்ல.

கரண்ட் போன பிளேட்டை வைத்திருப்பது

ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் இன்குபேட்டர் 37 டிகிரியிலிருந்து இறங்கிவிட்டால், அதுவே ஒரு ஸ்ட்ரெஸ். உங்கள் கண்ட்ரோல் பிளேட்டும் அதே தட்டில்தான் இருந்தது.