உடம்பு சரியில்லை என்று சொன்ன பிறகு செய்யக்கூடாதவை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிங்கப்பூரில் உள்ள எங்கள் கிடங்கு அலுவலகத்தில் சேர்ந்து நான்கு மாதமே ஆகியிருந்த ஓர் இளம்பெண் என் மேசையருகே வந்து தம் கைப்பேசியை நீட்டினார். திரையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. காய்ச்சலுக்காக இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவச் சான்றிதழோடு விடுப்பு, எடுத்திருந்தார். அதை மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தபோது பதிலாக வந்தது ஒரே சொல்: "நோட்டட்" (குறித்துக்கொண்டேன்). படுக்கையில் கிடந்த இரண்டு நாளும் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பப் படித்து, தம் வேலை போகப்போகிறது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். எங்கள் மேலாளர் தீபாவளி வாழ்த்துக்கும் "நோட்டட்" என்றே பதில் எழுதுபவர் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பத்தாண்டுகளுக்கு மேலாக ஷிப்ட் அட்டவணை போடுகிறவன் என்ற முறையில், காலை ஐந்தரை மணிக்கு வரும் "இன்று வர முடியாது" என்ற செய்திகளை நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். அவற்றை அனுப்புகிறவனாகவும் இருந்திருக்கிறேன். எம்சி எடுத்துக்கொண்டு எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாரு கடைத்தெருவில் எடுத்த படத்தைப் பகிர்வது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதைச் செய்கிறவருக்கு அது தவறென்று தெரியும். தெரியாமல், பயத்தால் செய்யப்படும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

48 மணி நேரத்தை அவகாசம் என்று எண்ணுவது

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டப்படி, நோயால் வராத ஊழியர் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அனுமதியின்றி வராதவராகவே கருதப்படுவார். இதைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு நாள் இருக்கிறதே" என்று தூங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 48 மணி நேரம் சட்டத்தின் கடைசி எல்லை. அலுவலகத்தின் எல்லை ஷிப்ட் தொடங்கும் நேரம், ஏனென்றால் ஆறு மணி ஷிப்டுக்கு மாற்றாளைத் தேட வேண்டியவர் ஐந்தரைக்குள் அறிந்தால்தான் தேட முடியும். மருந்தகம் (கிளினிக்) திறந்து எம்சி கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதலில் தகவல், பிறகு சான்றிதழ்.

மௌனம் ஆபத்தானது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன் அனுமதி இல்லாமல் தொடர்ந்து 2 வேலை நாட்களுக்கு மேல் வராத ஊழியர், தக்க காரணம் காட்ட முடியாவிட்டாலோ, தகவல் சொல்ல முயலவே இல்லை என்றாலோ, ஒப்பந்தத்தைத் தாமே முறித்துக்கொண்டதாகக் கருதப்படலாம். மேலாளர் திட்டுவார் என்று பயந்து கைப்பேசியை அணைத்து வைத்தவர்கள், எதற்குப் பயந்தார்களோ அதைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

நோயை நிரூபிக்க முயல்வது

வெப்பமானியின் படம், எத்தனை முறை வாந்தி எடுத்தார் என்ற கணக்கு, மூன்று முறை மன்னிப்பு, "அடுத்த வாரம் கூடுதல் ஷிப்ட் செய்து ஈடுகட்டுகிறேன்" என்ற வாக்குறுதி என நீளும் செய்திகள் எனக்கு வருவதுண்டு. எழுதுகிறவர் பணிவு என்று நினைக்கிறார். படிக்கிறவருக்கு, இவர் ஏன் இவ்வளவு தூரம் விளக்குகிறார் என்ற ஐயம் அப்போதுதான் எழுகிறது. "காய்ச்சல், இன்று வர இயலாது. மருந்தகம் சென்று வந்ததும் எம்சி அனுப்புகிறேன். நேற்றைய சரக்குப் பட்டியல் மேசையின் இடது இழுப்பறையில் இருக்கிறது." இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. மூன்றாவது வாக்கியத்தைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், மேலாளருக்கு உண்மையில் வேண்டியிருப்பது அதுதான்.

எம்சியில் தேதியைத் திருத்துவது

அது போலி ஆவணக் குற்றம். சிறை வரை போகும்.

நீக்குவதற்கு முன் நாமே விலகிவிடலாம் என்று முடிவெடுப்பது

இதைப் பற்றி எழுதும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. மற்றவர்கள்மீது மட்டுமல்ல, என்மீதும்தான்.

2011ஆம் ஆண்டு நவம்பரில் நான் துவாஸில் ஒரு கிடங்கில் பொருட்காப்பாளராக இருந்தேன். நடுத்தரத் திறன் கொண்ட வெளிநாட்டு ஊழியர்களுக்கான எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்தவன், வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. டெங்கிக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தேன். வீட்டில் ஓய்வெடுத்ததையும் சேர்த்து மொத்தம் ஒன்பது நாள் விடுப்பு. ஒன்பதாம் நாள் மாலை மேலாளரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: "நாளை வந்ததும் என்னைப் பார்." அறையில் உடனிருந்த அண்ணன் ஒருவர், தம் பழைய நிறுவனத்தில் ஒருவரை இப்படித்தான் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்து உறங்கிவிட்டார். எனக்கு உறக்கம் வரவில்லை. ஊரில் முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னும் பாதிகூட அடையாத நிலையில், "வேலையை விட்டு நீக்கினார்கள்" என்று அப்பாவிடம் சொல்வதைவிட "நானே விட்டுவிட்டேன்" என்று சொல்வது கௌரவம் என்று விடியற்காலை மூன்று மணிக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றுபவை எல்லாமே நியாயமாகத்தான் தெரியும். காலையில் மேலாளர் வாய் திறப்பதற்குள், உடனடியாக விலகுவதாக எழுதிய கடிதத்தை அவர் மேசைமேல் வைத்தேன்.

அவர் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைச் சிறிது நேரம் பார்த்தார். ஆண்டு இறுதிச் சரக்குக் கணக்கெடுப்பை என் பொறுப்பில் விடலாமா, அதற்கு உடம்பு தாங்குமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாராம். வேறு இடம் பார்த்துவிட்டாய் போலிருக்கிறது என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். மறுத்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மாலைக்குள் கடிதம் மனிதவளப் பிரிவுக்குப் போய்விட்டது.

அந்த வெட்கத்தின் விலையைக் கணக்கிட்டுச் சொல்கிறேன். ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததால் ஒரு மாதச் சம்பளத்தை நான் ஈடாகக் கட்ட நேர்ந்தது. டிசம்பர் 31 வரை பணியில் இருப்பவர்களுக்கே பதின்மூன்றாம் மாதச் சம்பளம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் அதுவும் போயிற்று. பாஸ் ரத்தாகி, கையில் 30 நாள் குறுகியகால வருகை அனுமதியோடு வேலை தேடினேன். கிடைக்கவில்லை. ஐந்து மாதம் ஊரில் இருந்துவிட்டு, மறுபடியும் கடன் வாங்கித்தான் திரும்பி வந்தேன். இத்தனைக்கும், ஏழு மாதம் பணியாற்றியவன் என்ற வகையில் மருத்துவமனை விடுப்பாக ஆண்டுக்கு 60 நாள் எனக்கு உரிமை இருந்தது. நான் எடுத்திருந்தது ஒன்பது.

பயத்தில் விலகுகிறவர் தம் பாதுகாப்பைத் தாமே கழற்றி வைக்கிறார் என்பதைச் சற்று விளக்க வேண்டும். நிறுவனம் நீக்கினால், அது தவறான பணிநீக்கம் என்று முறையிட ஒரு வழி இருக்கிறது. தாமாக விலகியவருக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது, ஏனென்றால் தம்மைக் கட்டாயப்படுத்தி விலக வைத்தார்கள் என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். "நோட்டட்" என்ற சொல்லையோ "என்னைப் பார்" என்ற குறுஞ்செய்தியையோ காட்டி அதை நிரூபிக்க முடியாது. கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுவதும் நிறுவனத்தின் சம்மதத்தைப் பொறுத்ததே.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "திங்கட்கிழமை காலை மேலாளரிடம் போய், இரண்டு நாள் வேலையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள், கடிதம் கைப்பேசியிலேயே இருக்கட்டும்" என்றேன். கேட்டிருக்கிறார். மிச்சம் நிறையவே இருந்தது.

உரிமை எத்தனை நாள் என்று தெரியாமல் பயப்படுவது

3 மாதம் பணியாற்றிய பின்னரே சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு தொடங்குகிறது. 3 மாதம் முடிந்தவருக்குச் சாதாரண விடுப்பு 5 நாள், மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 15 நாள். 4 மாதத்தில் 8, 30. 5 மாதத்தில் 11, 45. 6 மாதம் முதல் 14, 60. அந்த 60க்குள் 14ம் அடக்கம். அந்தப் பெண்ணுக்கு 8 நாள் இருந்தது, அவர் எடுத்தது இரண்டு. தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு இந்த உரிமையே கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் பார்ப்பது பணியாற்றிய மாதங்களைத்தான். 2019 ஏப்ரல் 1 முதல் மேலாளர்கள், நிர்வாகிகள் உட்பட ஏறக்குறைய எல்லா ஊழியர்களும் இச்சட்டத்துக்குள் வருகிறார்கள். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்களும்தான். இல்லப் பணிப்பெண்கள், கப்பல் பணியாளர்கள், அரசாங்க ஊழியர்கள் ஆகியோருக்கு விதிகள் வேறு.

இன்னொன்று. மருத்துவமனையில் தங்காமல் எடுக்கும் விடுப்பு நாளுக்கு ஷிப்ட் அலவன்ஸ் சேராது. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் தொகை குறைந்திருப்பதைப் பார்த்து, தண்டனை தொடங்கிவிட்டது என்று முகம் வெளிறி வந்தவர்கள் இதுவரை மூவர்.

படுக்கையில் இருந்துகொண்டே வேலை பார்ப்பது

நன்றி சொல்ல மாட்டார்கள். அடுத்த முறையும் எதிர்பார்ப்பார்கள்.

கெடு கடந்த பிறகு உதவி தேடுவது

பயம் எப்போதும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, காரணம் எதுவும் சொல்லாமல் ஒருவரை அனுப்ப நிறுவனத்தால் முடியும், அது தவறான நீக்கம் அல்ல என்றே தொடக்கத்தில் கருதப்படும். ஆனால் உரிமையான ஒரு பலனைத் தராமல் தவிர்ப்பதற்காகவோ, உரிமையைப் பயன்படுத்தியதற்குத் தண்டனையாகவோ நீக்கினார்கள் என்று காட்ட முடிந்தால் நிலைமை மாறும். முறையீட்டை வேலையிடத் தகராறுகளைக் கையாளும், டாடெம் எனப்படும் முத்தரப்புக் கூட்டணியிடம், பணியின் கடைசி நாளிலிருந்து 1 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மேலாளர், நிர்வாகி நிலையில் இருப்பவர் முன்னறிவிப்போடு நீக்கப்பட்டால், 6 மாதமாவது பணியாற்றியிருக்க வேண்டும். முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அதில் முடியாதது நடுவர் மன்றத்துக்குப் போகும். கோரக்கூடிய தொகையின் வரம்பு 20,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), தொழிற்சங்கத்தின் துணையோடு சென்றால் 30,000 வெள்ளி.

அந்த ஒரு மாதத்தில் பெரும்பகுதியைப் பழைய செய்திகளைத் தேடியே கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எம்சியின் நகல், விடுப்பைத் தெரிவித்த செய்தி, அதற்கு வந்த பதில் ஆகிய மூன்றும் உங்கள் சொந்தக் கைப்பேசியில் இருக்கட்டும். நிறுவனம் கொடுத்த கைப்பேசியைக் கடைசி நாளன்று திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.