'விடு' என்றும் பொருள், 'தடு' என்றும் பொருள்: 'லெட்' என்ற சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

ஆங்கிலச் சொல் ஒன்றின் வேரைத் தேடிப் போக மொழியியல் பட்டம் வேண்டாம். நல்ல அகராதி, ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் கொடுக்கும் சொல் 'லெட்'. மூன்றே எழுத்துதான், ஆனால் உள்ளே பெரிய கதை இருக்கிறது.

முதல் படியில் அகராதியைத் தொடாதீர்கள். கண்ணில் படும் இடங்களிலிருந்து சொல்லைப் பொறுக்குங்கள். தெருவில் வீட்டு கேட்டில் தொங்கும் 'டூ லெட்' பலகை. 'லெட் மீ கோ'. தண்ணீர் வெளியேறும் 'அவுட்லெட்'. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு சரியான கட்டத்தில் விழுந்தால் நடுவர் சொல்லும் 'லெட்'. அப்புறம், வீட்டில் பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதை வைத்திருப்பவரை 'விதவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' செல்ல அனுமதிக்குமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் அதில் அச்சிட்டிருக்கும்.

இரண்டாவது படி, ஒவ்வொன்றுக்கும் நேரே தமிழை எழுதுவது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம். 'என்னைப் போக விடு.' 'வீடு வாடகைக்கு விடப்படும்.' தண்ணீரை வெளியே விடும் வழி. நம் 'விடு' எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! பாஸ்போர்ட்டுக்கு வந்ததும் முட்டுகிறது. 'விதவுட் லெட்' என்பதை 'விடாமல்' என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும். அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பொருந்தாத இடத்தில்தான் தோண்ட வேண்டும்.

சரி, இப்போது அகராதியைத் திறக்கலாம். நல்ல அகராதிகளில் 'லெட்' தனித்தனித் தலைச்சொற்களாக, தோளில் 1, 2 என்று சின்ன எண்ணோடு இருக்கும். அந்த எண்ணைத் தவறவிடாதீர்கள். எழுத்து ஒன்றுதான், சொற்கள் வேறு என்பதற்கு அதுவே அடையாளம். முதல் 'லெட்' பழைய ஆங்கிலத்தின் 'லேட்டன்' என்பதிலிருந்து வந்தது. விடு, விட்டுச் செல் என்று பொருள். இரண்டாவது 'லெட்டன்' என்ற வினையிலிருந்து வந்தது. தாமதப்படுத்து, தடு என்று பொருள். காலப்போக்கில் இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. பாஸ்போர்ட்டில் இருப்பது இந்த இரண்டாவது சொல். டென்னிஸ் 'லெட்'டையும் பொதுவாக இதனோடுதான் சேர்ப்பார்கள்.

அடுத்து, அந்தப் பொருள் உயிரோடு இருந்த காலத்தைப் பாருங்கள். 1600ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய ஹாம்லெட்டில், தந்தையின் ஆவி அழைக்கிறது. தோழர்கள் இளவரசனைப் பிடித்து நிறுத்துகிறார்கள். தன்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று அவன் சீறுகிறான். அங்கே 'விடு' என்று படித்தால் காட்சியே புரியாது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் இந்தப் பொருள் உண்டு. எதிரெதிர்ப் பொருளோடு ஒரே ஒலியில் இரண்டு வினைகள் நெடுநாள் நிற்பது கஷ்டம் என்பது என் எண்ணம். 'தடு' வினை பேச்சிலிருந்து மறைந்தது. சட்டத்தொடரிலும் ஆட்டக்களத்திலும் பெயர்ச்சொல்லாகத் தங்கிவிட்டது.

இன்னும் ஒரு படி கீழே இறங்குங்கள். இரண்டு சொற்களுக்கும் அடியில் 'தளர்தல்' என்ற பொருளுடைய ஒரே தொல்வேர் இருப்பதாக மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள். கை தளர்ந்தால் பிடி விடுகிறது. கால் தளர்ந்தால் நடை தாமதமாகிறது. நாம் தினமும் சொல்லும் 'லேட்'டும் இந்தக் குடும்பம்தான்! 'புக்லெட்', 'லீஃப்லெட்' ஆகியவற்றின் வாலை மட்டும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அது பிரெஞ்சு வழியில் வந்த, சிறியது என்று காட்டும் விகுதி.

அடுத்த பயிற்சிக்கு 'கிளீவ்' என்ற வினையை எடுங்கள். பிள என்றும் பொருள், ஒட்டிக்கொள் என்றும் பொருள். ஒரு துப்பு தருகிறேன்: பூண்டுப் பல்லுக்கும் கிராம்புக்கும் ஆங்கிலத்தில் 'குளோவ்' என்று ஒரே பெயர். அவற்றில் ஒன்றுதான் 'கிளீவ்'வுக்கு உறவு. எது என்று தோளில் உள்ள எண்ணைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.