சின்னப் பிள்ளைங்களோட மியூசிக் கிளாஸ்ரூமை எப்படி செட் பண்றது

மியூசிக் ரூம் சாவி கைக்கு வந்த உடனே எல்லாருக்கும் முதல்ல தோணுறது சுவத்துல என்ன ஒட்டலாம்னுதான். எனக்கும் அதேதான் தோணுச்சு, முதல் வருஷம் ஒரு சுவரு விடாம ஒட்டினேன். இப்ப யாராவது கேட்டா சுவரைக் கடைசியில வச்சுக்கோங்க, தரையில இருந்து ஆரம்பிங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா ஒண்ணாவது ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்க தாளத்தை உடம்பாலதான் கத்துக்குதுங்க, குதிக்கணும் நடக்கணும் சுத்தணும், அதுக்கு காலி இடம் வேணும்.

அதனால ரூம்ல இருக்கற மேஜை நாற்காலியில எதெல்லாம் வேண்டாமோ அதெல்லாம் வெளிய அனுப்பிடுங்க. நடுவுல ஒரு வட்டம் போடுங்க. ஒரு பிள்ளை சம்மணம் போட்டு உக்கார சுமாரா 60 செ.மீ. வேணும், 25 பிள்ளைங்கன்னா சுத்தளவு 15 மீட்டர், அதாவது நடுவுல இருந்து கிட்டத்தட்ட 2.4 மீட்டர் தள்ளி கோடு வரும். ஒருத்தர் நடுவுல கயித்தைப் பிடிச்சுக்க இன்னொருத்தர் மறு முனையில சாக்பீஸைக் கட்டி சுத்தி வந்தா வட்டம் ரெடி. அது மேல ஆளுக்கு ஒரு கலர் புள்ளி ஒட்டுங்க. "உன் புள்ளியில போய் உக்காரு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், யார் பக்கத்துல யாருங்கற சண்டை பாதி குறைஞ்சிடும். ரூம் சின்னதா இருந்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு வட்டம். இடம் மிச்சம் இருந்தா ஒரு ஓரத்துல, மேற்கத்திய இசையில ஸ்வரம் எழுதற அந்த அஞ்சு கோட்டை டேப்பால போடுங்க, கோட்டுக்குக் கோடு 25 செ.மீ. விட்டா பிள்ளையோட பாதம் இடைவெளியில சரியா உக்காரும், ஸ்வரத்தைச் சொல்லச் சொல்ல அதது இடத்துல குதிக்கும், போர்டுல பத்து தடவை எழுதிக் காட்டறதை விட இது சீக்கிரம் மண்டையில ஏறுது. பசை தரையில தங்காத பேப்பர் டேப்பா பாத்து எடுங்க.

அடுத்தது சத்தம். இதை நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். ரூம் நடுவுல நின்னு ஒரே ஒரு தடவை பலமா கை தட்டுங்க. தட்டின அப்புறமும் "டிர்ர்ர்"னு ஒரு அதிர்வு காதுக்குத் திரும்பி வந்துச்சுன்னா எதிரெதிர் சுவர் ரெண்டும் மொட்டையா இருக்குன்னு அர்த்தம், சத்தம் ரெண்டுக்கும் நடுவுல முட்டி முட்டி திரும்புது. அந்த ரூம்ல இருபது பிள்ளைங்க ஷேக்கர் ஆட்டினா உங்க தொண்டையும் போயிடும், அதுங்க காதும் பாவம். கனமான திரைத்துணியை நல்லா மடிப்பு விட்டு ஒரு பக்கச் சுவத்துல தொங்க விடுங்க, சுவத்தோட ஒட்டாம ஒரு கை அகலம் தள்ளி தொங்கினா இன்னும் நல்லா சத்தத்தை உறிஞ்சும். தரையில தடிமனான விரிப்பு, டிரம்முக்கு அடியில கட்டாயம். முட்டை அட்டையை ஒட்டறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு வேண்டாம், அது பெருசா சத்தத்தைக் குறைக்காது, தீப்பிடிச்சா சட்டுனு எரியும், பிள்ளைங்க இருக்கற ரூம்.

வாத்தியங்களுக்கு வருவோம். எல்லாத்தையும் ஒரே பெரிய பெட்டியில கொட்டி வச்சா எடுக்கறப்பவே அரை வகுப்பு போயிடும். வகைக்கு ஒரு பெட்டி, மூடி இல்லாம, பிள்ளை கைக்கு எட்டற தட்டுல. வெளிய எழுத்தோட சேத்து அந்த வாத்தியத்தோட போட்டோவும் ஒட்டுங்க, படிக்கத் தெரியாத குழந்தையும் எடுத்த இடத்துல வைக்கும். கனமான சைலோஃபோன் (கட்டைங்களை வரிசையா அடுக்கி குச்சியால தட்டி வாசிக்கறது) எல்லாம் எப்பவும் கீழ்த்தட்டு, தலையில விழற உயரத்துல வைக்கவே கூடாது. அடிக்கிற குச்சிங்களைத் தனியா ஒரு டப்பாவுல குச்சியோட தலைப்பக்கம் மேல வர்ற மாதிரி நிறுத்தி வைங்க, ரப்பர் தலை, நூல் சுத்தின தலை, மரத்தலைன்னு பிரிச்சு. மரத்தலைக் குச்சியால மெட்டல் கட்டையை அடிச்சா கட்டையில தழும்பு விழும். யுகுலேலே, கிட்டார் மாதிரி மரத்துல செஞ்சதை ஜன்னல் வெயில் படற சுவத்துல மாட்டாதீங்க, ஈரப்பதம் 45-லருந்து 55 சதவீதத்துக்குள்ள இருந்தா மரத்துக்கு நல்லது, ரொம்ப காஞ்சா வெடிப்பு விடும். வாயில வச்சு ஊதற ரெக்கார்டர் ஆளுக்கு ஒண்ணு, பேர் எழுதி தனிப் பையில, இதுல மட்டும் பகிர்ந்துக்கச் சொல்லாதீங்க. கீபோர்டு வயரு சுவரோரமா போகட்டும், நடக்கற வழியில குறுக்கே கூடாது. இன்னொரு சின்ன பெட்டியில "உடைஞ்சது"ன்னு எழுதி வைங்க, பிள்ளைங்க பயந்து ஒளிச்சு வைக்காம அதுல கொண்டு வந்து போடும்.

இப்ப சுவரு. 2014-ல கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைங்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, படமா நிறைஞ்ச ரூம்ல பிள்ளைங்க கவனம் அதிகமா சிதறுச்சு, மொட்டை ரூம்ல படிச்சப்ப டெஸ்ட்ல சரியா சொன்னது 55 சதவீதம், அலங்காரம் பண்ண ரூம்ல 42. இதைப் படிச்சப்ப எனக்கு என் முதல் வருஷ ரூம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு, பாட்டு நடக்கறப்ப ஒரு பொண்ணு எப்பவும் எனக்குப் பின்னாடி இருந்த படங்களையே பாத்துக்கிட்டு இருப்பா, நான் அவளைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். அதுக்காக அலங்காரமே வேண்டாம்னு சொல்லல. நீங்க நிக்கற சுவத்துல, அதாவது போர்டு பக்கம், பாடம் நடக்கறப்ப விரலால காட்டப் போறது மட்டும் இருக்கட்டும். ஸ்வர ஏணி, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கையால காட்டற முத்திரைப் படம், தாள அட்டை, அவ்வளவுதான். சரிகமவோ டோ ரே மியோ எது சொல்லிக் கொடுக்கறீங்களோ அதை கீழ இருந்து மேல ஏறற மாதிரி ஒட்டுங்க, படுக்க வச்சு எழுதினா சுருதி மேல போகுதுங்கறது கண்ணுக்குத் தெரியாது. படத்தோட நடு பிள்ளை கண்ணு உயரத்துக்கு, தரையில இருந்து ஒரு மீட்டர் ஒண்ணேகால் மீட்டர்ல வரட்டும்.

கலர் விஷயத்துல ஒரு பிடிவாதம் வேணும். பூம்வேக்கர் குழாய் (தட்டினா ஆளுக்கொரு ஸ்வரம் வர்ற கலர் பிளாஸ்டிக் குழாய்) வச்சிருந்தீங்கன்னா அதுல மேற்கத்திய ஸ்வரப் பேர்ல ஸி சிவப்பு, டி ஆரஞ்சு, ஈ மஞ்சள்னு போகும், அதே கலரைத்தான் கட்டை மேல ஒட்டற ஸ்டிக்கர்லயும் சுவத்து ஏணியிலயும் வைக்கணும், அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னா குழந்தை குழம்பிடும். கலரோட எழுத்தும் கட்டாயம் போடுங்க, சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பார்க்க முடியாத பிள்ளை எந்த வகுப்புலயும் இருக்கலாம், குறிப்பா பையன்கள்ல.

பளபளப்பு, பிள்ளைங்க வரைஞ்சது, உலகத்து வாத்தியங்களோட போட்டோ எல்லாம் பின் சுவத்துக்கு. கார்ட்டூன் படத்தை விட நிஜ போட்டோ நல்லது. அந்தச் சுவத்துல பாதியைக் காலியா விடுங்க, வருஷம் போகப் போக பிள்ளைங்களே நிரப்பும்.

வகுப்பு தொடங்கற முந்தின நாள் சாயங்காலம், கடைசியில இருக்கற புள்ளியில போய் நீங்களே தரையில உக்காருங்க, அங்க இருந்து ஏணி தெரியுதா, ஜன்னல் வெளிச்சம் கண்ணுல அடிக்குதா, ஃபேன் சத்தத்தை மீறி ஒரு சின்ன மணி ஓசை கேக்குதான்னு பாருங்க, கேக்கலைன்னா திரையை இன்னும் கொஞ்சம் நகத்துங்க, இல்ல அந்தப் புள்ளியையே பிச்சு முன்னாடி ஒட்டுங்க.