அட்டனுக்குக் குடிபோகுமுன்

கொழும்பு வெள்ளவத்தை வீட்டை விட்டு, இலங்கை மலைநாட்டு அட்டன் பக்கம் போவதென்று முடிவெடுத்தோம். பெப்ரவரியில் பார்த்த வீடு, நல்ல வெயிலில் பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான், "ஜூன்ல வந்து பாருங்க தம்பி" என்றார். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை அங்கே கொட்டும்.

சரியென்று ஜூனில் அதே வீட்டில் இரண்டு வாரம் தங்கினேன். நாலாம் நாளே செருப்பு வாரில் பச்சைப் பூஞ்சணம்! அலுமாரிக்குப் பின்சுவரில் கைவைத்தால் பிசுபிசுத்தது. பார்த்தால், கூரைப் பீலியில் சருகடைத்து, தண்ணீர் சுவர்வழியே இறங்கியிருக்கிறது. பீலியைத் துப்புரவாக்கி, தகரத்தின் ஆணித்துளைகளைத் தார் பூசி அடைத்தேன். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்து, உள்ளே துணிப்பையில் அடுப்புக்கரி போட்டேன். சுவர் காய ஒரு வாரம் ஆனது.

அப்புறம்தான் அட்வான்ஸ் கொடுத்தேன். புத்தகப் பெட்டிகள் மட்டும் இன்னும் கொழும்பில், தங்கச்சி வீட்டில்.